தாளிலிருந்து தரைக்கு

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்.
மார்ச் முப்பத்தொன்று, இரவு ஒன்பதே கால்.
கடைசி லாரி போனதும் கேட்டைச் சாத்தச் சொன்னேன்.
இனி எதுவும் நகரக்கூடாது என்று
ஸ்டோர்ஸ் ருத்ரேஷிடம் எழுதி வாங்கிக்கொண்டேன்.
நகராததைத்தான் எண்ண முடியும்.

முதலில் தாளிலிருந்து தரைக்கு.
பட்டியலில் இருப்பது நிஜத்தில் இருக்கிறதா.
எட்டு எம்எம் போல்ட், பதினாலாயிரத்து இருநூறு.
யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை.
நூறை எண்ணி, எடை போட்டு,
மீதிக்குத் தராசு சொல்வதை நம்புகிறோம்.
(நம்புகிறோம் என்பதை அறிக்கையில்
நியாயமான உறுதி என்று எழுதுவோம்.)

பதினாலாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு.
நாலு குறைவு.
ருத்ரேஷ் தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.
நாலு போல்ட் எங்கள் வரம்புக்குள் விழுந்து
காணாமல் போய்விடும்.
அந்த வரம்பு எவ்வளவு என்று கம்பெனிக்குச் சொல்லக் கூடாது.
எனக்கே சீனியர் காதோடுதான் சொன்னார்.

கட்டிங் ஆயில் பீப்பாய்க்குள் குச்சி விட்டு
ஆழம் பார்த்தேன்.
போன வருஷம் பொம்மசந்திராவில் ஒரு பீப்பாய், பாதி தண்ணீர்.
அன்றிலிருந்து மோந்தும் பார்க்கிறேன்.

அடுத்தது தரையிலிருந்து தாளுக்கு.
கண்ணில் பட்டதைத் தொட்டு
இது பட்டியலில் எங்கே என்று கேட்க வேண்டும்.
யோசிக்காமல் தொட வேண்டும், அதுதான் கஷ்டம்.
கை தானாக
நன்றாக அடுக்கி வைத்த இடத்துக்கே போகும்.
கண்ணை மூடி ஒரு எண் நினைத்தேன். ஏழு.

ஏழாம் ராக்குக்குப் பின்னால் டார்ச் அடித்தேன்.
பிரித்து விரித்த அட்டைப்பெட்டிகள்.
கொசுவத்தி, சீப்பு, சார்ஜரில் ஒரு போன்.
போர்வைக்குள் ஒருவன்.

வெளிச்சம் பட்டதும் எழுந்து உட்கார்ந்தான்.
நான் யார் என்று கேட்கவில்லை.
கிளிப்போர்டைப் பார்த்தான்.
தெரிந்த கொஞ்சம் கன்னடத்தில்,
"எஷ்டு கம்மி இதெ, மேடம்?"
எவ்வளவு குறைகிறது.

குறையவில்லை என்றேன்.
கணக்கை முழுசாகச் சொல்லிப் பழகிய வாய்,
ஒன்று கூடுகிறது என்றும் சொல்லிவிட்டது.
அவனுக்குப் புரியவில்லை.
கொஞ்ச நேரம் எனக்கும்.

ருத்ரேஷ் ஓடி வந்தார்.
"அது நம்மது இல்ல மேடம். காண்ட்ராக்டரோடது."
வாய் தவறிச் சொன்னதில்லை.
சரியான வகைப்பாடு அது.
பிறர் சரக்கு வளாகத்தில் இருந்தால்
பிரித்து வை, கூட்டாதே என்று
எங்கள் கையேட்டிலும் இருக்கிறது.

அந்தக் காண்ட்ராக்டருக்கும் ஒரு ஆடிட்டர் இருப்பார்.
அவர் எந்தத் தாளோடு, எந்தத் தரைக்கு வருவார்?
பெயரை நான் கேட்கவில்லை.
டிபன் டப்பா மூடியில்
ஆங்கில எழுத்தில் ஆணியால் கீறியிருந்தது,
சுதாம் மாஜி.

அவன் மறுபடி படுக்கவில்லை.
நாங்கள் முடிக்கும்வரை ராக்கில் சாய்ந்து நின்றான்,
எதுவும் நகரக்கூடாது என்று
அவனிடமும் யாரோ எழுதி வாங்கியிருந்த மாதிரி.

தாளில் மூன்றாவது வரியில்
ராக் ஏழு, பின்புறம் என்று
ஏற்கெனவே எழுதியிருந்தேன்.
எண்ணிக்கை: ஒன்று.
அலகு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கிலோ, லிட்டர், செட், நம்பர்.

அதை அடித்துவிட்டு
ராக் எட்டில் ஸ்பிரிங் வாஷர் பெட்டியைத் தொட்டேன்.
ஐநூறு. பட்டியலிலும் ஐநூறு.
பச்சை டிக்.

வெள்ளை மை பூசக் கூடாது.
ஒற்றைக் கோடு மட்டும் போடலாம்,
அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்,
பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும்.

அப்படியே செய்திருக்கிறேன்.
ஃபைலில் இருக்கிறது.
ஏழு வருஷம் வைத்திருப்பார்கள்.